கௌரவம்: பொருள் என்ன, யாழ்ப்பாணத்தில் எங்கே எப்படிப் புழங்குகிறது?

கேள்வி இதுதான்: பாடசாலை விழா அழைப்பிதழில் சிலருடைய பெயருக்கு முன்னால் "கௌரவ" என்று போடுகிறார்கள், சிலருக்கு வெறும் "திரு". கௌரவம் என்றால் சரியாக என்ன? அந்தஸ்து, மதிப்பு, மரியாதை, மானம் எல்லாம் அதே பொருள்தானா? யாருக்கு எதைப் போடுவது?

முதலில் சுருக்கம். எங்கள் பக்கத்தில் இந்தச் சொல் மூன்று வேலை பார்க்கிறது. அமைச்சர், நீதிபதி போன்றோரின் பெயருக்கு முன்னால் வரும் "கௌரவ" அவர் வகிக்கும் பதவிக்கு உரியது. "கௌரவ செயலாளர்" என்பதில் வரும் "கௌரவ" அந்த வேலைக்குச் சம்பளம் இல்லை என்று சொல்கிறது. பேச்சில் வரும் "கௌரவம்" ஊருக்குள் ஒரு ஆளுக்கோ வீட்டுக்கோ இருக்கும் நிலையைச் சொல்கிறது. அழைப்பிதழ்களிலும் கடிதங்களிலும் வரும் பிழைகளில் பெரும்பங்கு இந்த மூன்றையும் ஒன்றாக எடுப்பதால் வருவது.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. அங்கே "குரு" என்றால் பாரமானது; அதிலிருந்து பிறந்த "கௌரவ" என்றால் பாரம், கனம். சிங்களத்தில் அமைச்சர்களின் பெயருக்கு முன் வரும் "கரு" என்ற அடைமொழிக்கும் அதே வேர்தான். தமிழில் முன்பு இதே இடத்தில் "கனம்" என்று எழுதினார்கள்: கனம் நீதிபதி அவர்கள், மகா கனம் பொருந்திய இன்னார். இன்று அது பழைய பத்திரிகைகளிலும் நீதிமன்ற நடையிலும்தான் மிஞ்சியிருக்கிறது. மகாபாரதத்துக் கௌரவர் வேறு ஆக்கள். அவர்கள் குரு என்ற அரசனின் வழிவந்தவர்கள். வடமொழியில் இரண்டு சொற்களுக்கும் முதலெழுத்தே வேறு. தமிழில் இரண்டையும் "க" வைத்துத்தான் எழுத வேண்டியிருப்பதால் ஒன்றுபோலத் தெரிகின்றன. ஆகவே மேடையில் "இங்கே வந்திருக்கும் கௌரவர்களே" என்று விளிக்கக்கூடாது. "கௌரவத்துக்குரியவர்களே", அதைவிட நல்லது "மதிப்புக்குரியவர்களே".

எழுத்துப் பிழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அழைப்பிதழில் முதலில் கண்ணில் குத்துவது அதுதான். "கௌ" என்பது ஒரே எழுத்து. அதைக் "கெ" என்றும் "ள" என்றும் இரண்டு எழுத்தாகத் தட்டினால் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். கணினிக்கு அது "கெளரவ". தேடினால் அகப்படாது, அகர வரிசையில் வேறிடத்துக்குப் போய்விடும். இந்தப் பழக்கம் பாமினி எழுத்துருவில் இருந்து வந்தது. பாமினியில் "கௌ" எழுத ஒற்றைக் கொம்பு, "க", "ள" என்று மூன்று விசை தட்டுவார்கள். தாளில் அச்சடிக்கிற காலத்தில் அதனால் ஒரு குறையும் இருக்கவில்லை. அந்தக் கோப்பை யுனிகோட்டுக்கு மாற்றும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சில மாற்றிகள் இந்த மூன்றையும் "கெள" என்றே விட்டுவிடும். சில மாற்றிகள் எதிர்த்திசையில் போய், கொம்பும் எழுத்தும் "ள"வும் அடுத்தடுத்து வருகிற இடமெல்லாம் "ௌ" ஆக்கிவிடும். இலங்கைச் செய்தித் தளங்களில் "வௌியீடு", "வௌிநாடு" என்று அடிக்கடி காண்பது இதனால்தான். அவை "வெளியீடு", "வெளிநாடு" என்றிருக்க வேண்டியவை.

திருத்தும் வழி எளிது. கோப்பை மாற்றிய பிறகு முதலில் "கெள", "மெள", "பெள", "செள" ஆகியவற்றைத் தேடுங்கள். கௌரவம், மௌலவி, மௌனம், பௌத்தம், பௌர்ணமி, சௌகரியம் என்று அழைப்பிதழில் வரக்கூடிய சொற்கள் இவற்றுக்குள் அடங்கிவிடும். ஒரே தட்டில் எல்லாவற்றையும் மாற்றவேண்டாம். "மெள்ள", "கெளிறு" மாதிரி உண்மையாகவே "ள" வரும் சொற்களும் உண்டு. பிறகு "வௌ" என்று தேடுங்கள். வௌவால் தவிர்ந்த மற்றவை அனேகமாகப் பிழையாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் சில "கவுரவம்" என்று எழுதுகின்றன. அது பிழையில்லை, அவர்களுடைய நடை. எங்கள் பத்திரிகைகளும் அலுவலகங்களும் "கௌரவம்" என்றே எழுதுகின்றன.

இனிப் பெயருக்கு முன்னால் வரும் "கௌரவ". இலங்கை நடைமுறையில் இது பிரதமர், சபாநாயகர், அமைச்சர்கள், பிரதி அமைச்சர்கள், பாராளுமன்ற உறுப்பினர்கள், மாகாண ஆளுநர், முதலமைச்சர், மாகாண சபை உறுப்பினர்கள், மாநகர முதல்வர், பிரதேச சபைத் தவிசாளர், உள்ளூராட்சி சபை உறுப்பினர்கள், நீதிபதிகள், நீதவான்கள் ஆகியோருக்கு வருகிறது. சனாதிபதிக்கு "அதிமேதகு". தூதுவர்களுக்கும் "அதிமேதகு" அல்லது "மேதகு". தமிழ்நாட்டில் "மாண்புமிகு" வருகிற இடத்தில் எங்களிடம் பெரும்பாலும் "கௌரவ" வருகிறது. இங்கே "மாண்புமிகு" என்று எழுதினாலும் குற்றமில்லை, ஆனால் ஒரே அழைப்பிதழில் ஒருவருக்கு அதுவும் மற்றவருக்கு இதுவும் போட்டால் ஒருவரைக் கூட்டி மற்றவரைக் குறைத்ததாகப் படும்.

அரச உத்தியோகத்தர்களுக்கு "கௌரவ" கிடையாது. மாவட்டச் செயலாளர் (அரசாங்க அதிபர் என்பவரும் இவரே), பிரதேச செயலாளர், மாகாணப் பிரதம செயலாளர், வலயக் கல்விப் பணிப்பாளர், வைத்திய அத்தியட்சகர், பாடசாலை அதிபர் எல்லோருக்கும் திரு, திருமதி, செல்வி, அல்லது அவர்களுடைய வைத்திய கலாநிதி, கலாநிதி போன்ற தகைமை. அரசாங்க அதிபருக்குக் "கௌரவ" போடுவது ஊரில் அடிக்கடி நடக்கிறது. பெரிய ஆளுக்குப் பெரிய அடைமொழி என்ற நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனாலும் பிழை. அந்த அடைமொழி ஆளின் அதிகாரத்தை அளந்து கொடுப்பதில்லை. மக்களால் தெரிவாகும் சபைகளோடும் ஆட்சிப் பொறுப்போடும் நீதிமன்றத்தோடும் சேர்ந்து வருவது அது. ஒரு பிரதேச சபை உறுப்பினருக்கு வருவது மாவட்டச் செயலாளருக்கு வராததன் காரணம் இதுதான்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. எங்களிடம் "மாநகர முதல்வர்" என்றால் மாநகர சபையின் தலைவர். மாகாணத்துக்கு இருப்பவர் "முதலமைச்சர்". "அதிபர்" என்றால் பாடசாலையின் தலைமை. அங்கே அந்தச் சொல் நாட்டுத் தலைவருக்குப் போகிறது. புலம்பெயர்ந்த பிள்ளைகள் இந்தியத் தொலைக்காட்சியில் கேட்டுப் பழகிவிட்டு இங்கே வந்து குழம்புவது இதனால்தான்.

பதவி போனால் "கௌரவ"வும் போகும். இங்கேதான் அதிகம் பிழை வருகிறது, ஏனென்றால் பழைய அழைப்பிதழின் கோப்பை எடுத்துத் திகதியை மாத்திரம் மாற்றுகிறார்கள். வட மாகாண சபை 2013 செப்டெம்பரில் தெரிவாகி 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. அதில் இருந்தவர்கள் அன்று முதல் "முன்னாள் மாகாண சபை உறுப்பினர்". உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே மாதம்தான் தேர்தல் நடந்தது. இடையில் இருந்த இரண்டு வருடத்துக்கு மேலாகத் தவிசாளர் என்றோ உறுப்பினர் என்றோ எவரும் இல்லை, செயலாளர்களும் ஆணையாளர்களும்தான் சபைகளைக் கொண்டு நடத்தினார்கள். பாராளுமன்றம் கலைக்கப்பட்டால் அந்த நிமிடமே உறுப்பினர்கள் முன்னாள் உறுப்பினர்கள். அமைச்சரவை அமைச்சர்கள் மட்டும் பொதுத் தேர்தல் முடியும்வரை பொறுப்பில் இருப்பார்கள். ஆகவே தேர்தல் காலத்தில் விழா வைத்தால் அச்சகத்துக்குக் கொடுக்கும் அன்று ஒருமுறை, விழாவுக்கு முதல்நாள் மேடைப் பதாகையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முன்னாள் உறுப்பினரைப் பேச்சில் "கௌரவ" சேர்த்து அழைப்பது உபசாரம். அதை எவரும் குறை சொல்ல மாட்டார்கள். அச்சில் "முன்னாள்" வரவேண்டும்.

"கௌரவ திரு" என்று இரண்டையும் சேர்ப்பது தேவையில்லாதது. "கௌரவ" வந்தால் "திரு" வேண்டாம். கடைசியில் "அவர்கள்" போதும். பெண் நீதிபதிகளுக்கு "கௌரவ திருமதி" என்று எழுதுவது வழக்கத்தில் இருக்கிறது, விட்டுவிடலாம். கலாநிதிப் பட்டம் உள்ள அமைச்சருக்கு எழுதும்போது கவனம் வேண்டும். பிரதமர் ஹரிணி அமரசூரிய ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவரைக் "கௌரவ கலாநிதி ஹரிணி அமரசூரிய" என்று எழுதினால் யாரோ மரியாதைக்குக் கொடுத்த கலாநிதிப் பட்டம் என்ற பொருள் வந்துவிடும். பதவியை நடுவில் வையுங்கள்: "கௌரவ பிரதமர் கலாநிதி ஹரிணி அமரசூரிய அவர்கள்". இடம் போதாவிட்டால் அடுத்த வரிக்குப் போங்கள். எழுத்தைச் சிறிதாக்கலாம், வரிசையை மாற்றக்கூடாது.

சமயத் தலைவர்களுக்குக் "கௌரவ" போடுவதில்லை. அவர்களுக்குத் தனி வரிசை உண்டு. சைவக் குருமாரில் சிவாச்சாரியார்களுக்குச் "சிவஸ்ரீ", மற்ற அந்தணர்களுக்குப் "பிரம்மஸ்ரீ". நல்லை ஆதீன முதல்வருக்கு "ஸ்ரீலஸ்ரீ". கத்தோலிக்கக் குருவானவர் "அருட்தந்தை", கன்னியர் "அருட்சகோதரி". பௌத்த பிக்கு "வணக்கத்துக்குரிய". முஸ்லிம் மார்க்க அறிஞர் "மௌலவி". குருக்களின் பெயருக்கு முன் வெறும் "திரு" வந்தால், அவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும் அவரை அழைத்து வருபவர் சொல்லுவார்.

அழைப்பிதழில் வரும் மூன்று வகை விருந்தினர்களையும் பார்ப்போம். "பிரதம விருந்தினர்" ஒருவர்தான். இருவர் வந்தால் அந்தச் சொல்லுக்கே பொருள் இல்லை. "சிறப்பு விருந்தினர்" ஒருவரோ இருவரோ. "கௌரவ விருந்தினர்" என்பது பெரும்பாலும் இளைப்பாறிய அதிபர், பழைய மாணவர், கட்டடத்துக்கோ மைதானத்துக்கோ பணம் தந்தவர் என்று அந்தப் பாடசாலையோடு உறவுள்ளவருக்கு. இல்ல மெய்வல்லுநர் போட்டி அழைப்பிதழ்களில் இந்த மூன்றும் மேலிருந்து கீழாக வரும். பதவியில் பெரியவரைக் கௌரவ விருந்தினராகவும் அவருக்குக் கீழே வேலை செய்பவரைப் பிரதம விருந்தினராகவும் போட்டால் இருவரில் ஒருவர் வரமாட்டார். இருவரையும் அழைக்கத்தான் வேண்டுமென்றால் பெரியவரைப் பிரதம விருந்தினராக்கி, மற்றவருக்குப் பரிசில் வழங்கல் போன்ற தனிப் பொறுப்பைக் கொடுங்கள். பெயரின் முதலெழுத்துகளை அவருடைய அலுவலகத்திலேயே கேட்டு எழுதுங்கள். "க. சிவராசா" என்பவரும் "கே. சிவராசா" என்பவரும் ஒரே ஊரில் இரண்டு பேராக இருப்பது இங்கே சாதாரணம்.

இரண்டாவது வேலைக்கு வருவோம். சனசமூக நிலையம், விளையாட்டுக் கழகம், பழைய மாணவர் சங்கம் ஆகியவற்றின் கடிதத் தலைப்பில் "கௌரவ செயலாளர்", "கௌரவ பொருளாளர்" என்றிருக்கும். சம்பளம் வாங்காமல் செய்கிறார் என்பதுதான் பொருள். அதைப் பெயருக்கு முன்னால் நகர்த்திக் "கௌரவ இன்னார், செயலாளர்" என்று எழுதினால் அவர் பாராளுமன்ற உறுப்பினர் போல ஆகிவிடுவார். ஒரே சொல்லின் இரண்டு வேலையையும் பிரித்துக் காட்டுவது அது நிற்கும் இடம் ஒன்றுதான். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் "கௌரவ விரிவுரையாளர்" என்றால் தொகுப்பூதியம் பெற்றுக் கற்பிப்பவர். அவருக்குப் பணம் உண்டு, நிரந்தர நியமனம் இல்லை. சமாதான நீதவானும் ஊதியம் இல்லாமல்தான் சத்தியக்கடதாசிகளையும் பிரதிகளையும் உறுதிப்படுத்துகிறார். அவருக்குக் "கௌரவ" வராது; பெயருக்குப் பின்னால் "சமாதான நீதவான்" அல்லது "ஜே.பி." என்று வரும். சொல்லில் "நீதவான்" இருப்பதால் வழக்கு விசாரிக்கும் நீதவானோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "பண்டிதர்", "சைவப்புலவர்" ஆகியவை யாழ்ப்பாணத்தில் பரீட்சை எழுதிப் பெறுபவை. அவற்றைப் பெயரோடு எழுதுவது உரிமை. ஆறுமுக நாவலருக்கு "நாவலர்" என்ற பட்டத்தைத் திருவாவடுதுறை ஆதீனம் 1849 இல் அளித்தது. இன்று யாழ்ப்பாணத்தில் "நாவலர்" என்று மட்டும் சொன்னாலே அவர்தான். அரச விருதுகளான தேசமான்ய, தேசபந்து, கலாகீர்த்தி முதலியவை தேசிய விருது வரிசையில் வருபவை. பல்கலைக்கழகம் ஒன்று கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தால், அதைப் பெற்றவர் தன் பெயரோடு "கலாநிதி" என்று போடாமல் இருப்பதே கல்வி உலகின் மரபு. பணம் வாங்கிக்கொண்டு மண்டபம் எடுத்துப் பொன்னாடை போர்த்திக் கலாநிதிப் பட்டம் கொடுக்கும் அமைப்புகள் இப்போது பெருகியிருக்கின்றன. இருபது வருடம் படித்து ஆய்வு செய்தவரின் உழைப்பை அது மலிவாக்குகிறது. அப்படியான பட்டத்தை அழைப்பிதழில் போடும்படி கேட்டால் மறுத்துவிடுங்கள். பெற்ற விருதின் பெயரை வேண்டுமானால் அறிமுக உரையில் சொல்லலாம்.

மரண அறிவித்தலில் "கௌரவ" வராது. "அமரர்" என்பதும் அறிவித்தலில் வராது, பிந்திய நினைவு நாட்களில்தான் வரும். வேலையும் தகைமையும் பெயருக்குக் கீழே அடைப்புக்குள்: இளைப்பாறிய அதிபர், சமாதான நீதவான்.

பேச்சுக்கு வருவோம், சொல் உண்மையில் உயிரோடு இருப்பது அங்கேதான். சனம் சொல்லுகிற வாக்கியங்களைக் கேளுங்கள். "அவை கௌரவம் பாத்துக்கொண்டு நிக்கினம்" என்றால் இறங்கிவர மனமில்லாமல் நிற்கிறார்கள். "இதிலை என்ன கௌரவக் குறைச்சல்?" என்றால் செய்யத் தயங்காதே என்கிறார்கள். "வறட்டுக் கௌரவம்" கையில் ஒன்றும் இல்லாமல் பிடிக்கிற பிடிவாதம். "கௌரவமாச் சீவிக்கிறம்" என்றால் கடன்தனி இல்லாமல், ஒருவரிடம் கைநீட்டாமல் இருக்கிறோம். இதுதான் சொல்லின் மிக நல்ல பயன்பாடு. வினையாக வரும் "கௌரவித்தல்" மேடைக்கு உரியது: மணிவிழா, பவளவிழா, சேவை நலன் பாராட்டு விழா. பொன்னாடை, மாலை, வாழ்த்துப்பா, ஞாபகச் சின்னம் என்று வரிசை ஏறத்தாழ நிரந்தரம். வாழ்த்துப்பாவை வாசித்து முடித்த பிறகுதான் கையில் கொடுப்பது. முதலில் கொடுத்துவிட்டு வாசிப்பவர் அதைத் திருப்பி வாங்குவது பார்க்க நன்றாக இராது.

கௌரவம் எங்கே உரசுப்படும் என்பதற்குக் கலியாணம் நல்ல இடம். யாழ்ப்பாணத்தில் கலியாணத்துக்குச் "சொல்லவேணும்". நெருங்கிய சொந்தத்துக்கு வீடு தேடிப்போய், இருந்து, தேத்தண்ணி குடித்து, அழைப்பிதழைக் கையில் கொடுத்து, திகதியையும் மண்டபத்தையும் வாயால் சொல்லவேணும். "காட்டை ஆரிட்டையோ குடுத்து விட்டவை" (அழைப்பிதழை யாரிடமோ கொடுத்து அனுப்பினார்கள்) என்று ஒரு மாமி சொன்னால் அந்த வீட்டிலிருந்து ஒருவர்தான் வருவார், அவரும் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவார். செத்தவீட்டுக்கு இந்தக் கணக்கு இல்லை, கேள்விப்பட்டால் போகவேணும். கலியாணத்தில் கௌரவம் பார்த்தவர்களும் செத்தவீட்டில் வந்து நிற்பார்கள். வெளிநாட்டில் இருந்து கலியாணம் நடத்துபவர்கள் வைபரிலும் வாட்ஸப்பிலும் அழைப்பிதழ் அனுப்புகிறார்கள். அப்படி அனுப்பினால் அதே நாளில் தொலைபேசியில் அழைத்துக் கதையுங்கள். குறுஞ்செய்தி மட்டும் போனால் அது "சொன்னதாக" எடுபடாது.

இனி மற்றச் சொற்கள். ஒவ்வொன்றும் எந்த வினையோடு சேருகிறது என்று பாருங்கள், வேறுபாடு தானாகத் தெரியும். மரியாதை "குடுப்பது", "தெரியாதது". அதன் வடமொழி மூலத்துக்கு எல்லை என்று பொருள். "மரியாதையாக் கதை" என்ற எச்சரிக்கையில் அந்த எல்லை இன்னும் கேட்கிறது. மதிப்பு "வைப்பது": "அவரிலை எங்களுக்கு நல்ல மதிப்பு". அது பதவி இல்லாதவருக்கும் உண்டு, பயமில்லாமல் வருவது. அந்தஸ்து "கிடைப்பது, உயர்வது". அதற்கு ஒரு படிவரிசை வேண்டும். அமைச்சரவை அந்தஸ்துள்ள அமைச்சர், தேசிய பாடசாலை அந்தஸ்து, மாநகர சபை அந்தஸ்து என்று ஆளில்லாத நிறுவனங்களுக்கும் வருகிறது. பாடசாலைக்கு அந்தஸ்து கிடைத்தது எனலாம்; மானம் கிடைத்தது எனமுடியாது. பேர் "எடுப்பது", "கெடுவது". மானம் "போவது", ஒருவர் "வாங்குவது": "நாலு சனத்துக்கு முன்னாலை மானத்தை வாங்கிப்போட்டான்". நீதிமன்றத்துக்குப் போகும்போதும் இந்தச் சொல்தான் வருகிறது, "மானநட்ட வழக்கு" என்று. இலங்கையில் அவதூறைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவுகள் 2002 இல் நீக்கப்பட்டன. இப்போது நட்டஈடு கேட்டுக் குடியியல் வழக்குத்தான் போடலாம். "உன்னை உள்ளுக்குத் தள்ளுவன்" என்று மானநட்டத்துக்காக ஒருவர் வெருட்டினால், அந்த வழக்கால் மட்டும் அது நடக்காது.

யாழ்ப்பாணத்தில் ஒருவரின் நிலையை அதிகம் காட்டுவது இந்தப் பெயர்ச்சொற்களில் ஒன்றுமில்லை. முன்னிலை விகுதிதான் காட்டுகிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் பெரும்பாலும் நீ, நீங்கள் என்று இரண்டு படி. எங்களிடம் மூன்று: நீ, நீர், நீங்கள். வா, வாரும், வாங்கோ. இரு, இரும், இருங்கோ. என்ன செய்யிறாய், என்ன செய்யிறீர், என்ன செய்யிறியள். நடுவில் நிற்கும் "நீர்" சம வயதினர், கூட வேலை செய்பவர்கள், புருசன் மனைவியோடு, ஆசிரியர் உயர்வகுப்பு மாணவரோடு கதைக்கும்போது வருவது. அதில் மரியாதையும் இருக்கிறது, நெருக்கமும் இருக்கிறது. உங்களைவிட மூத்தவரிடமோ முதன்முதலாகச் சந்திப்பவரிடமோ "நீர்" என்று தொடங்கினால், அவர் உங்களுக்குக் கீழே என்று சொன்னதாகிவிடும். காரியாலயக் கருமபீடத்தில் வயதான அம்மா ஒருவரிடம் இளம் உத்தியோகத்தர் "உம்மடை அடையாள அட்டையைத் தாரும்" என்றால் பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "அம்மா, உங்கடை அடையாள அட்டையை ஒருக்காத் தாங்கோ" என்பதே முறை. வருடக்கணக்காக "நீர்" போட்டுக் கதைத்தவர் ஒருநாள் திடீரென "நீங்கள்" என்று மாறினால் இரண்டில் ஒன்று: உங்களுக்குப் பதவி உயர்ந்திருக்கிறது, அல்லது அவருக்கு உங்களில் மனவருத்தம்.

படர்க்கையிலும் இப்படித்தான்: அவன் வந்தவன், அவர் வந்தவர், அவை வந்தவை. ஊரில் ஆக்களைச் சொல்லும் பெயர்களிலும் "ன்" போய் "ர்" வரும்: கந்தர், வேலர், ஆறுமுகத்தார். கிராம சேவையாளர் பதவி 1963 இல் வந்து, பழைய ஊர்த்தலைவர்களான விதானைமார் முறை போன பிறகும் சனம் அவரை "விதானையார்" என்றே சொல்கிறது. அந்தக் கடைசி "ஆர்" அவருக்குரிய மரியாதை.

இந்த "ன்"னுக்கும் "ர்"ருக்கும் பின்னால் ஒரு கொடுமை இருந்ததைச் சொல்லாமல் விட்டால் பதில் பொய்யாகிவிடும். ஒடுக்கப்பட்ட சாதியினர் எத்தனை வயதானாலும் அவர்களுக்கு "ர்" மறுக்கப்பட்டது. நரைத்த தலையை ஒரு சிறுபிள்ளை "நீ" என்று கூப்பிட்டது. 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாடசாலைகளில் சம ஆசனம், சம போசனத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் வந்தும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் உள்ளே போக விடும்படி சனம் நிற்கவேண்டி வந்தது. அதே மனநிலை இன்றும் "கௌரவமான குடும்பம்" என்ற சொல்லுக்குள் ஒளிந்து மணமகள் தேவை விளம்பரங்களில் வருகிறது. படித்த, நேர்மையான குடும்பம் என்று அங்கே பொருளில்லை, சாதியைத்தான் சொல்கிறது. விளம்பரம் எழுதுபவர்களுக்கு என் வேண்டுகோள், தொழிலையும் படிப்பையும் எழுதுங்கள், அந்தச் சொல்லை விடுங்கள். "கௌரவக் கொலை" என்றும் எழுதவேண்டாம். தமிழ்நாட்டில் இப்போது "ஆணவக் கொலை" என்று எழுதுகிறார்கள். அதுவே சரி. சொந்தப் பிள்ளையைக் கொல்வதில் கௌரவம் எதுவும் இல்லை.

கோவில்களில் நிலையைக் காட்டுவது காளாஞ்சி. திருவிழா முடிந்ததும் அன்றைய உபயகாரருக்குத் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை, விபூதி வைத்துக் கொடுப்பது. யாருக்கு முதலில் என்பதில் பிணக்கு வராமல் இருக்க, உபயகாரர் பட்டியலைக் கொடியேற்றத்துக்கு முன்னரே எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டிவிடுவது நல்லது. குருக்களை அந்த நேரத்தில் முடிவெடுக்க விடுவதால்தான் சண்டை வருகிறது. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலில் அர்ச்சனைச் சிட்டை எவருக்கும் ஒரு ரூபாதான், ஆண்கள் எவராயினும் மேலங்கியைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும். கௌரவ என்று தொடங்கும் பெயருள்ளவர்களும் அப்படியே.

கடைசியாக, உங்கள் சொந்தப் பெயர். கடிதத்தின் கீழ் ஒப்பமிடும்போது உங்கள் பெயருக்கு முன்னால் "கௌரவ" என்றோ "திரு" என்றோ போடக்கூடாது. அவை மற்றவர்கள் போடுபவை. பெயரை எழுதி, அதற்குக் கீழே பதவியை எழுதுங்கள். நிருவாகத்தில் சம்பளமில்லாமல் இருப்பவராயின் "கௌரவ செயலாளர்" என்று பதவியின் வரியில் எழுதலாம். இறப்பர் முத்திரை செய்யக் கொடுக்கும்போதும் இதே முறையைச் சொல்லிக் கொடுங்கள், கடைக்காரர் தாமாகத் "திரு" சேர்த்துவிடுவதுண்டு.